ஏலமும் இறுதிப் படுக்கையும்

(எண்ணூரில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் மறைந்தார். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்தவர். வாயில் புற்றுநோய். பெரிய மருத்துவமனை ஒன்றில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றபின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். பதினொரு வாரங்கள் அவர் தம் வீட்டின் முன்னறையில் படுத்திருந்தார். வெளியே இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே வலி தாங்க முடியாமல் அவர் முனகிக்கொண்டிருந்தார். அவருடைய ஜனாஸாவுக்கு இந்தப் பள்ளிவாசல் நிறைந்து, வாசல் வரை ஸஃப்புகள் நின்றன. அடக்கம் முடிந்து ஆறுதல் சொல்லச் சென்றபோது, அவருடைய துணைவியார் திரைக்குப் பின்னிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்:

"இத்தனை பேர் நமக்கு இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே போய்விட்டார், ஹஜ்ரத்!"

சகோதரர்களே! அந்த வார்த்தை உங்களை நோக்கி மட்டும் சொல்லப்பட்டதன்று. அந்தப் பதினொரு வாரங்களில் நான் அவரைப் பார்க்கச் சென்றது ஒரே ஒரு முறை. அதுவும் வாசலில் நின்றபடி துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன். மிம்பரில் நின்று நோயாளியைச் சந்திப்பதன் சிறப்பைப் பேசுகிற நானே அப்படி இருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

இது நடந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு, நம் மஹல்லாவின் இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்தனர். "ஹஜ்ரத், எங்களிடமும் எங்கள் உறவினர்களிடமும் உள்ள நல்ல பொருள்களைத் திரட்டி, இணையத்தின் வழியாக ஏலம் விட நினைக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளும் கேட்கலாம். கிடைக்கும் தொகையை, குணமாக வழியில்லாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்துக்குக் கொடுக்கலாமா? மார்க்கத்தில் இது கூடுமா?" என்று கேட்டனர். அந்தக் கேள்விக்கான விடையே இன்றைய உரை.

மதீனாவில் ஓர் ஏலம்

ஏலம் என்பது நமக்குப் புதிதன்று. காசிமேட்டில் விடியும் முன்பே மீன்கூடைகளைச் சுற்றி நின்று, ஒரு தரம், இரண்டு தரம் என்று குரல் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஏலத்துக்கும் தர்மத்துக்கும் உள்ள உறவு பெருமானார் (ஸல்) அவர்களின் திருக்கரத்திலேயே தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. அன்சாரிகளில் ஓர் ஏழை உதவி கேட்டு வந்தார். உம் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியைப் போர்த்திக்கொண்டு மீதியை விரித்துக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு மரப்பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் கையில் எடுத்து, இவற்றை வாங்குவோர் யார் என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருவோர் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கிக்கொண்டார். அந்த இரண்டில் ஒன்றுக்குக் குடும்பத்தாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்து, அக்கோடரிக்குத் தம் கையாலேயே பிடி மாட்டிக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்று வரும்படியும், பதினைந்து நாள்கள் தம் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

கவனியுங்கள்! அண்ணலார் நினைத்திருந்தால் இரண்டு திர்ஹத்தை யாரிடமேனும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் ஏலம் விட்டார்கள். வாங்கியவருக்குப் பொருள் கிடைத்தது. ஏழைக்கு மானம் கெடாமல் பணம் கிடைத்தது. விலையை ஏற்றிக் கேட்பது கூடும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் மற்றவர் குறுக்கே புகுவதற்கு உள்ள தடை, அனைவரையும் வெளிப்படையாக அழைத்துக் கேட்கும் ஏலத்துக்குப் பொருந்தாது என்று விளக்கமளித்துள்ளனர்.

நம் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில், காஷ்மீரின் சோப்பூர் அருகே மால்போரா என்ற கிராமத்தில் பள்ளிவாசல் கட்டுவதற்கு நன்கொடை திரட்டினார்கள். வசதியற்ற ஒருவர் ஒரு கோழி முட்டையைக் கொடுத்தார். அந்த முட்டையை ஏலம் விட்டனர். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு முட்டையைத் திருப்பி ஒப்படைத்தார். மீண்டும் ஏலம், மீண்டும் ஒப்படைப்பு. இப்படியே பல முறை. இறுதியில் ஒருவர் 70,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அந்த ஒரு முட்டையால் சேர்ந்த மொத்தத் தொகை இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கும் மேல்! கொடுத்தவரின் உள்ளத்தில் இருந்த தூய்மைக்கு அல்லாஹ் அளித்த பரக்கத் அது. என் வீட்டில் ஏலத்துக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று தயங்கும் சகோதரியே, அந்த முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்!

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

பணம் எதற்காக என்பதையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனை கட்ட நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். குணமாகி எழப்போகிறவருக்கு உதவ மனம் எளிதில் இளகுகிறது. எழ மாட்டார் என்று தெரிந்துவிட்டவருக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த எண்ணத்தை நபிகளாரின் பள்ளிவாசலே மறுக்கிறது.

அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து நரம்பு அறுந்தது. நபி (ஸல்) அவர்கள் அவருக்காக எங்கே கூடாரம் அமைத்தார்கள்? தொலைவிலா? இல்லை. தம் பள்ளிவாசலுக்குள்ளேயே! அருகில் இருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக. காயமடைந்தோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அவருக்குப் பணிவிடை செய்ததாக அறிவிப்பு உள்ளது. நபியவர்கள் காலையும் மாலையும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் எப்படி இருக்கிறீர் என்று கேட்பார்கள். பின்னர் ஓர் இரவில் அந்தக் காயம் உடைந்து, பக்கத்துக் கூடாரத்தில் இருந்தோர் அஞ்சும் அளவுக்கு இரத்தம் பெருகி ஓடியது. ஸஅத் (ரலி) அவர்கள் அந்தக் காயத்திலேயே வஃபாத்தானார்கள்.

அவர் பிழைக்கவில்லை. ஆயினும் அந்தக் கூடாரம் வீணாயிற்று என்று எந்த முஃமினாவது சொல்வாரா? தனிமையில்லாமல், அன்புக்குரிய தலைவரின் குரலைக் கேட்டபடி, பணிவிடை செய்யும் கரங்களுக்கிடையே அவருடைய இறுதி நாள்கள் கழிந்தன. அதுவே அந்தக் கூடாரத்தின் பயன்.

இன்று ஹாஸ்பிஸ் என்று உலகம் அழைக்கும் இல்லங்களின் நோக்கமும் இதுவே. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இந்தத் துறைக்கு வழிகாட்டியாக அமைந்தது. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி ஆவேத்னா இல்லம் தொடங்கப்பட்டது. நமக்கு மிக அருகில், மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா என்ற இல்லம், முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. எண்ணூரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பதினொரு வாரங்கள் ஒரு சகோதரர் வலியில் துடித்தபோது எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இங்கெல்லாம் என்ன செய்கிறார்கள்? நோயை வெல்வதாக வாக்களிப்பதில்லை. வலியைத் தணிக்கிறார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். மூச்சுத் திணறலுக்கும் வாந்திக்கும் மருந்து தருகிறார்கள். இரவெல்லாம் விழித்திருந்து சோர்ந்த குடும்பத்தாருக்கு ஆறுதல் தருகிறார்கள். கடும் வலிக்கு மார்ஃபின் மருந்து பயன்படுகிறது. இது போதைப்பொருள் ஆயிற்றே என்று சிலர் அஞ்சுவர். மருத்துவரின் கண்காணிப்பில், வலியின் அளவறிந்து கொடுக்கப்படும்போது அது மருந்தாகும். தேவையின் நிமித்தம் இத்தகைய மருந்துக்கு மார்க்க அறிஞர்கள் அனுமதி வழங்கியுள்ளனர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் இம்மருந்து கிடைப்பதில் பெரும் தடை இருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. எனினும், உலக அளவில் இத்தகைய ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் சிலர் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது மலப்புரம் முதலிய மாவட்டங்களில் மக்கள் இயக்கமாயிற்று. கடைக்காரரும் மாணவரும் கூலித் தொழிலாளியும் சிறு சிறு தொகை கொடுத்தனர். பயிற்சி பெற்ற தொண்டர்கள் செவிலியருடன் வீடு வீடாகச் சென்றனர். 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. அங்குள்ள முஸ்லிம்கள் அதில் பெரும் பங்கு கொண்டிருக்கிறார்கள். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

ஏலம் இபாதத் ஆவதற்கு

ஆக, இளைஞர்களே, உங்கள் கேள்விக்கு விடை: கூடும். ஆனால் நோக்கம் நல்லது என்பதற்காக வழி தானாகவே தூய்மையாகிவிடாது. சில ஒழுங்குகளைப் பேணுங்கள்.

முதலாவது, பொய்யாக விலையேற்றாதீர்கள். வாங்கும் எண்ணமில்லாமல், மற்றவரை ஏற்றிவிடுவதற்காகக் கூடுதல் தொகை கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்துள்ளார்கள். நோயாளிக்குத்தானே போகிறது என்று நண்பனை விட்டுப் பொய்யாகக் கேட்கச் செய்வதும் நஜ்ஷ்தான். இணையத்தில் முகம் தெரியாது என்பதால் இந்தத் தீமை மிக எளிதில் புகுந்துவிடும். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் வங்கதேசக் கிரிக்கெட் வீரர் முஷ்ஃபிகுர் ரஹீம், தாம் 2013இல் இரட்டைச் சதம் அடித்த மட்டையை ஏழைகளுக்காக இணையத்தில் ஏலம் விட்டார். வாங்கும் எண்ணமில்லாதோர் போலித் தொகைகளைக் கேட்டுக் குவித்து ஏலத்தையே குலைத்தனர். பின்னர் பாகிஸ்தான் வீரர் ஷாஹித் அஃப்ரிதியின் அறக்கட்டளை 20,000 டாலர் கொடுத்து அதை வாங்கியது. விளையாட்டாகத் தட்டும் ஒரு விரல், பசித்தவனின் உணவைத் தாமதப்படுத்துகிறது. ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் ஒதுங்குவதும் வாக்கு மீறுதலே. அது நயவஞ்சகத்தின் அடையாளம் என்று எச்சரிக்கப்பட்டுள்ளோம்.

இரண்டாவது, குறையை மறைக்காதீர்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை நுழைத்தபோது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. அதை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். இணையத்தில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. ஆகவே படத்தில் கீறலும் தெரியட்டும். எழுத்தில் பழுதும் இருக்கட்டும்.

மூன்றாவது, ஏலம் சூதாக மாறிவிடக் கூடாது. சீட்டு வாங்கியவர்களில் ஒருவருக்கு மட்டும் குலுக்கலில் பரிசு விழுவதும், ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும் கட்டணம் செலுத்தி, கிடைக்காதவர் அதை இழப்பதும் சூதின் வகையைச் சேர்ந்தவை. எடுத்தவர் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். எடுத்தவருக்குப் பொருள் கிடைத்தே தீர வேண்டும்.

நான்காவது, ஜகாத்தை இதில் கலக்காதீர்கள். பொருளுக்கு ஈடாகக் கொடுத்த பணம் ஜகாத் ஆகாது. பொருளின் மதிப்புக்கு மேல் அல்லாஹ்வுக்காக நீங்கள் கொடுக்கும் தொகை உங்களுக்கு ஸதகாவாக அமையும். ஜகாத்துக்கு உரியோர் எட்டு வகையினர் என்று தவ்பா அத்தியாயம் வரையறுத்துள்ளது. ஏழை நோயாளியின் கையில் அதைத் தனியே சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, கணக்கு. வந்த தொகை, செலவு, ஒப்படைத்த தொகை ஆகிய மூன்றையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். இது அமானிதம். மேலும், தம் பெயரை வெளியிட விரும்பாதவர் மறைவாக ஏலம் கேட்கவும் வழி செய்யுங்கள். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்பதே அல்பகரா அத்தியாயம் தரும் படிப்பினை. முகஸ்துதி நுழைந்துவிட்டால் ஏலத்தில் வென்றவன் மறுமையில் தோற்றவனாவான்.

விரும்புவதைக் கொடுங்கள்

சகோதரிகளே! ஏலத்துக்கு எதைக் கொடுப்பது? பரணில் கிடக்கும் உடைந்த மின்விசிறியையா? நமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளித்தபடி வாங்கும் பொருளை அல்லாஹ்வுக்காகக் கொடுக்க நினைக்காதீர்கள் என்று குர்ஆன் கண்டிக்கிறது. விரும்புவதிலிருந்து செலவிடாதவரை நன்மையின் நிறைவை அடைய முடியாது என்ற கருத்தில் வசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தையே அர்ப்பணித்தார்கள். நீங்கள் தோட்டம் தர வேண்டாம். உங்கள் கையால் நெய்த ஒரு பூவேலைத் துணி போதும். தந்தையார் விட்டுச்சென்ற ஒரு கடிகாரம் போதும். கொடுக்கும்போது மனம் சற்று வலிக்க வேண்டும். அந்த வலிதான் அதன் விலை.

அதையும் இப்போதே செய்யுங்கள். உடல்நலத்தோடு, பொருளாசையோடு, வறுமையை அஞ்சும் நிலையில் கொடுப்பதே சிறந்த தர்மம். உயிர் தொண்டைக்குழியை அடையும்வரை தள்ளிப்போடாதீர் என்ற கருத்தில் அண்ணலார் அறிவுறுத்தியுள்ளார்கள். நம் ஆயுளும் ஓர் ஏலம்தான். ஒரு தரம் சொல்லியாகிவிட்டது. நரை விழுந்தோருக்கு இரண்டாம் தரமும் சொல்லியாகிவிட்டது. மூன்றாம் தரம் எப்போது என்று நம்மில் எவருக்குத் தெரியும்?

ஏலத்தில் எடுக்க முடியாதது

இறுதியாக ஒன்று. நீங்கள் எத்தனை லட்சம் திரட்டினாலும், ஏலத்தில் எடுக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அது நோயாளியின் அருகே நீங்கள் அமர்ந்திருக்கும் நேரம்.

மறுமையில் அல்லாஹ் அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ நலம் விசாரிக்க வரவில்லையே என்று கேட்பான் என்றும், நீ அகிலங்களின் இறைவனாயிற்றே என்று அடியான் திகைக்கும்போது, என் இன்ன அடியான் நோயுற்றிருந்தான், அவனிடம் நீ சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்ற கருத்தில் பதில் வரும் என்றும் ஹதீஸ் குத்ஸீயில் வந்துள்ளது. பதினொரு வாரங்கள் அந்த முன்னறையில் அந்த வாய்ப்பு நமக்காகத் திறந்தே கிடந்தது. நாம் ஜனாஸாவுக்குச் சென்றோம்.

இனி இவ்வாறு செய்வோம். நம் தெருவில் படுக்கையில் இருப்பவர் யார் என்று கேட்டறிவோம். அவர் முஸ்லிமா என்று பார்க்க வேண்டியதில்லை. தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் தலைமாட்டில் சென்று அமர்ந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். எண்ணூரின் மீனவச் சகோதரர் வீட்டுக் கதவையும் தட்டுவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு என்பதை அக்குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வோம். செல்லும்போது வெகுநேரம் அமர்ந்து சிரமப்படுத்தாமல், நம்பிக்கை தரும் சொல்லைச் சொல்வோம். இறுதி நேரம் நெருங்கினால், வற்புறுத்தாமல் மெல்லிய குரலில் கலிமாவை அருகிருந்து சொல்லிக்கொடுப்போம். அவரைக் கவனிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் ஒரு வேளை உணவையும், ஓர் இரவு உறக்கத்தையும் நாம் கொடுக்கலாம்.

இளைஞர்களே! ஏலத்தை நடத்துங்கள். நானும் ஒரு பொருள் தருகிறேன். என் உஸ்தாத் எனக்களித்த பேனாவை இத்தனை ஆண்டுகள் எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஏலத்தை நடத்தும் ஒவ்வொருவரும், பணத்தை ஒப்படைக்கும் நாளன்று அந்த இல்லத்தில் ஒரு நோயாளியின் அருகே அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு வர வேண்டும். என்னையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நம்மைவிட்டுப் பிரிந்த அந்தச் சகோதரரின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி ஒளிமயமாக்குவானாக! அவர் பட்ட வலியைப் பாவங்களின் பரிகாரமாக ஆக்குவானாக! நாம் செய்த குறையை மன்னிப்பானாக! இனி ஒருவரும் தமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அறியாமலேயே நம் மஹல்லாவிலிருந்து பிரியாதிருக்க, வல்ல ரஹ்மான் நமக்கு நற்பாக்கியம் அளிப்பானாக! ஆமீன்.